காகத்தலைக் கைத்தடி

கதைகளில் கால் ஊனமானவன் வந்தால் முடிவு எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒன்று கடைசியில் குணமாகி எழுந்து நடப்பான், இல்லையென்றால் நாயகனுக்காக உயிரை விடுவான். நொண்டிக்கொண்டு வருபவன் வில்லன் என்றால் கேட்கவே வேண்டாம். லீ பர்டுகோ எழுதிய ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ நாவலில் வரும் காஸ் பிரெக்கர் இந்த மூன்றிலும் சேரவில்லை. தொடக்கத்தில் எந்தக் காலோடு வருகிறானோ அதே காலோடுதான் கடைசிப் பக்கத்திலும் நிற்கிறான். இத்தனைக்கும் அந்த உலகத்தில் கிழிந்த சதையைக் கையசைவில் ஒட்டவைக்கும் மந்திரக்காரர்கள் தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் காசு கொடுத்தால் கிடைப்பார்கள்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது காலில் காலிப்பர் என்ற தாங்குசட்டம், வலது கையில் தடி. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள்தான் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, “மாமா, இதைப் படிங்க. தடி வெச்சிருக்கிறவன்தான் இதுல கேங் லீடர்” என்றாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்குப் போலியோ என்றால் சொட்டு மருந்து மட்டும்தான். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011-ல். காலிப்பர் போட்ட காலை அவள் பார்த்ததே என் ஒருவனிடம்தான். அதனால் கதையில் ஒருவன் தடியோடு வந்ததும் அவளுக்கு என் நினைவு வந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசித் திருப்பத்தை உடைக்கமாட்டேன், ஆனால் நடுவில் வரும் சிலவற்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. கெட்டர்டாம் என்று ஒரு துறைமுக நகரம். கால்வாய்களும் வணிகர் சபையும் பங்குச் சந்தையுமாகப் பதினேழாம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் சாயல். அங்கே வணிகத்துக்கே ஒரு கடவுள் உண்டு. அந்த ஊரின் சூதாட்டப் பகுதியில் ஒரு கும்பலை நடத்துபவன் காஸ், வயது 17. யாரும் உள்ளே நுழைந்து திரும்பாத ஐஸ் கோர்ட் என்ற கோட்டையிலிருந்து ஒரு விஞ்ஞானியைக் கடத்திவரச் சொல்கிறார் ஒரு பெருவணிகர். கூலி அந்த ஊர்ப் பணத்தில் மூன்று கோடி குரூகே. மந்திரக்காரர்களின் சக்தியைப் பல மடங்காக்கி, அதே வேகத்தில் அவர்களை அழித்தும்விடும் ஒரு போதைமருந்தின் ரகசியம் அந்த விஞ்ஞானிக்குத் தெரியும். காஸ் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறான்.

அந்த ஐந்து பேரில் இனெஜ் மாநிறப் பெண். வண்டி கட்டி ஊர் ஊராகப் போகும் சூளி இனத்தவள், கயிற்றின் மேல் நடக்கும் குடும்பம். நம் ஊர் கழைக்கூத்தாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தைக் கற்பனை செய்ய அதிக நேரம் ஆகாது. ஜெஸ்பர் கறுப்பன், குறி தப்பாத துப்பாக்கிக்காரன், சூதாட்டக் கடனில் கழுத்துவரை மூழ்கியவன், ஆண்களையும் விரும்புபவன். நீனா பருமனானவள், அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் ரசித்துச் சாப்பிடுபவள், எதிரே நிற்பவனின் இதயத்தை நிறுத்தக்கூடிய மந்திரக்காரி. மத்தியாஸ் அந்த மந்திரக்காரர்களை வேட்டையாடவே வளர்க்கப்பட்ட வடநாட்டு வீரன். வைலன் வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பையன், வெடி செய்பவன், அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது.

இப்படிப் பட்டியல் போட்டால் யாரோ ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆளைப் பிடித்து நிரப்பியதுபோலத்தான் தெரியும். படிக்கும்போது அப்படித் தெரியவில்லை என்பதுதான் இந்த நாவலின் முதல் பலம். காஸின் காலைப் பற்றித் தனியாக ஒரு சோகப் பாட்டு கிடையாது. ஒரு திருட்டின்போது கூரையிலிருந்து குதித்து உடைந்த கால், எலும்பு சரியாகக் கூடவில்லை, அவ்வளவுதான். தடியின் பிடி காகத்தின் தலை. அதை ஊன்றவும் செய்கிறான், அதனாலேயே ஆளை அடித்தும் போடுகிறான். நடந்தால் வலிக்கிறது, குளிர்ந்தால் இன்னும் வலிக்கிறது. யாராவது பரிதாபப்பட்டால் அந்தப் பரிதாபத்தையே அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறான். ஆசிரியருக்கு எலும்புத் திசு செத்துப்போகும் நோய் இருப்பதையும், சில நாட்களில் தடி பிடித்து நடப்பதையும் நூலின் நன்றியுரையில் அவரே எழுதியிருக்கிறார். அதைப் படிப்பதற்கு முன்பே, இதை எழுதியவருக்குத் தடியின் கனம் தெரியும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஓர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மொசைக் தரையில் ஒரு துளி தண்ணீர் போதும். காஸ் ஓர் அறைக்குள் நுழையும்போது கதவு, ஜன்னல், காவலாளி நிற்கும் இடம் என்று அளந்துகொண்டே போகிறான். திருடனின் கண் என்று மற்றவர்கள் அதைப் படிக்கலாம். எனக்கு அது என் கண்ணாகவும் இருந்தது.

ஆனால் அவனுடைய பெரிய ஊனம் கால் இல்லை. அவனால் அடுத்தவர் தோலைத் தொட முடியாது. ஒன்பது வயதில் கொள்ளைநோய் வந்து, செத்துப்போனான் என்று நினைத்துப் பிணப் படகில் போட்டுவிடுகிறார்கள். அண்ணனின் பிணத்தைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரைசேர்கிறான். அன்றிலிருந்து கையுறை. ஊரே அந்தக் கையுறைக்குப் பின்னால் என்ன பயங்கரம் இருக்கிறது என்று கதை கட்டுகிறது, அவனும் கட்ட விடுகிறான். கோட்டைக்குள் நுழைய வழி, கைதிகள் வண்டியில் கைதிகளாகவே போவது. கையுறை இல்லாமல், முகமூடி போட்டு, சங்கிலியில் பிணைத்து, முன்னும் பின்னும் ஈரமும் சூடுமாக மனித உடம்புகள் நெருக்கியடிக்கும் அந்த வண்டியில் காஸ் மயங்கி விழுகிறான். எல்லாரையும்விட ஒரு படி முன்னால் யோசிப்பவன், தன் திட்டத்தின் முதல் படியிலேயே தன் உடம்பிடம் தோற்கிறான். திட்டம் போட்டபோது அவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே அந்த வண்டியில் ஏறுகிறான். புத்தகத்தில் நான் மிகவும் நம்பிய பக்கங்கள் அவை.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் சில அத்தியாயங்கள் கடினம். இந்த உலகத்தை ஆசிரியர் 2012 முதல் 2014 வரை வந்த ஒரு முத்தொகுதியில் ஏற்கெனவே கட்டிவிட்டார். அதைப் படிக்காதவர்களுக்கு கிரிஷா, கார்ப்பரால்கி, ட்ரூஸ்கெல்லே, ஜூர்தா என்று பெயர்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். முதல் அத்தியாயமோ பிறகு நமக்குத் தேவைப்படாத ஒரு காவலாளியின் பார்வையில் வருகிறது. கப்பல் ஏறும்வரை பொறுத்துக்கொண்டால் போதும் என்பேன்.

இந்த ஆறு பேரும் 16 முதல் 18 வயதுக்குள் என்பதை நான் ஒரு கட்டத்தில் மனதிலிருந்து அழித்துவிட்டேன். நகரத்தின் பெரிய தாதாக்கள் ஒரு 17 வயதுப் பையனைப் பார்த்து நடுங்குவதை நம்ப முடியவில்லை. எல்லாருக்கும் பத்து வயது கூட்டிவைத்துப் படித்தேன், கதை அழகாக உட்கார்ந்தது. அக்கா மகளிடம் சொன்னேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த ஊர்ல யாரும் யாரையும் சின்னப் பிள்ளையா இருக்க விடல மாமா” என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, திட்டத்தை நம்மிடமிருந்து மறைப்பது. அத்தியாயங்கள் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் போய்வருகின்றன. காஸின் பழைய காயம், இனெஜ் மேல் அவனுக்கு இருக்கும் ஏக்கம், பழிவாங்கும் வெறி எல்லாம் நமக்குத் தெரிகிறது. ஆனால் அன்று இரவு அவன் என்ன செய்யப்போகிறான் என்பது மட்டும் தெரியாது. இரண்டு மூன்று முறை, எல்லாம் போய்விட்டது என்று நாம் பதறும்போது, இதையும் நான் முன்பே யோசித்துவிட்டேன் என்று அவன் எதையாவது எடுத்துப்போடுகிறான். முதல் தடவை கைதட்டத் தோன்றியது. பிறகு, ஒரு மனிதனின் மனதுக்குள் என்னை உட்காரவைத்துவிட்டு, அதில் இருக்கும் முக்கியமான எண்ணத்தை மட்டும் துணி போட்டு மூடுவது நேர்மையில்லை என்று பட்டது. கதை ஓட்டத்துக்காக மனிதர்களை வளைக்கும் இடம் இது.

கால் விஷயத்திலும் அது நடக்கிறது. கோட்டைக்குள் போன பிறகு காஸின் கையில் தடி இல்லை. ஆறு மாடி உயரத்துக்குக் கயிறு பிடித்து ஏறுகிறார்கள். அது கையின் வேலை, தடி ஊன்றுபவனுக்குத் தோளும் கையும் இரும்பாக இருக்கும், அதை நான் நம்புகிறேன். அதற்குப் பிறகு கூரை, சண்டை, ஓட்டம், நிலத்தடி ஆற்றில் குதிப்பு. அந்த அவசரத்தில் காலின் வலி ஒரு வரியாகச் சுருங்கி வந்துவிட்டுப் போகிறது. கப்பலிலும் தெருவிலும் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட காலை, கதை வேகம் எடுத்ததும் ஆசிரியர் கொஞ்சம் மறந்துவிட்டார். இப்படி ஓர் இரவுக்கு அடுத்த நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுந்து நிற்கவே சுவர் வேண்டும்.

மத்தியாஸும் நீனாவும் காதலிப்பது பலருக்குப் பிடித்த பகுதி. எனக்கு அங்கே நெருடல். பிறப்பினாலேயே சிலர் அருவருப்பானவர்கள், அவர்களைப் பிடித்து விசாரணை என்ற பெயரில் எரிப்பது புண்ணியம் என்று வளர்க்கப்பட்டவன் அவன். அந்த எண்ணத்திலிருந்து அவன் வெளியே வருவதைக் காட்டுகிறார், நன்றாகவே காட்டுகிறார். ஆனால் அவன் மாறுவதற்கு ஓர் அழகான, துணிச்சலான, அவன் உயிரையே காப்பாற்றிய நீனா தேவைப்படுகிறாள். இந்த உழைப்பெல்லாம் ஏன் அவள் தலையில்? அவன் முன்பு பிடித்துக்கொடுத்தவர்களின் பக்கம் கதை அதிக நேரம் நிற்கவில்லை.

கடத்தப்பட வேண்டியவர் ஷூ ஹான் என்ற நாட்டவர், கிழக்காசியச் சாயல். கோட்டைக்குள் போய்க் கண்டுபிடிக்கும் அந்த ஆளுக்கு வாயில் நாலு வார்த்தை இல்லை. தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஒரு பெட்டியாகவே கடைசிவரை இருக்கிறான். இனெஜுக்கு எவ்வளவோ ஆழம் கொடுத்த ஆசிரியர், அவளுடைய இனத்துக்குக் கொடுத்தது வண்டி, கயிறு, எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி. கத்திகளுக்கு அவள் வைத்திருக்கும் புனிதர்களின் பெயர்கள்கூட ராவ்கா நாட்டுப் புனிதர்களுடையவை. சூளிகள் என்ன சாப்பிடுவார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள், கல்யாணம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இவை எதுவும் இல்லை. அந்த ஆறு பேரும் அவரவர் வேலையில் ஊரிலேயே முதல் ஆள். தடி ஊன்றுபவன் மகா மூளைக்காரன். மாநிறப் பெண் சுவரில் நிழல்போல ஏறுவாள். படிக்கத் தெரியாத பையன் வெடி செய்வதில் கெட்டிக்காரன். வேற்றுமை எல்லாம் இருக்கலாம், ஆனால் உள்ளே வர ஒரு கட்டணம் உண்டு, அசாதாரணத் திறமை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வருடாவருடம் விழா நடக்கும். “கால் இப்படி இருந்தும் நம்மைவிட நன்றாக வேலை செய்கிறார்” என்று மேடையில் சொல்லிச் சால்வை போடுவார்கள். சுமாராக வேலை பார்த்த நண்பர்கள் நிம்மதியாகக் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். எனக்கும் சுமாராக இருக்க உரிமை வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும். இந்த நாவலில் அந்த உரிமை யாருக்கும் இல்லை. ஜெஸ்பர் ஒருவன்தான் கொஞ்சம் நெருங்கி வருகிறான். சூதாட்ட மேசையில் வாய் தவறி எதையோ சொல்லிவிட, அதனால் துறைமுகத்தில் எதிரிகள் காத்திருந்து தாக்குகிறார்கள், இனெஜ் கத்திக்குத்து வாங்குகிறாள். பிறகு அவன் சிரித்துக்கொண்டே திரிவதற்குள் ஒளிந்திருக்கும் வெட்கத்தை ஆசிரியர் அருமையாக எழுதியிருக்கிறார். திறமையால் ஈடுகட்ட முடியாத ஒரு பலவீனம் அது.

இனெஜின் கதையில் இந்தக் கட்டணம் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆட்கடத்தும் கப்பல்காரர்கள் அவளைக் கடத்திவந்து ஒரு விபசார விடுதிக்கு விற்றுவிடுகிறார்கள். கெட்டர்டாமில் அடிமைமுறை சட்டவிரோதம், ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி செல்லும். காகிதத்தில் கையெழுத்து இருந்தால் ஆள் சொந்தம். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய மூதாதையரைக் கொண்ட நமக்கு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் முன்பணக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு, இதில் எந்த மந்திரமும் இல்லை. அந்த விடுதியின் வியாபாரமே வகைவகையான பெண்கள்தான். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு மிருகத்தின் வேடம். வேற்றுமையை அழகு பொருளாக்கி விற்கும் கடையை இந்த நாவலுக்குள்ளேயே வைத்ததற்கு ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். இனெஜுக்கு ஊதாப் பட்டும் காலில் சலங்கையும். ஒரு நாள் அங்கே வந்த காஸிடம் அவள் பின்னாலிருந்து, உனக்கு என்னால் உதவ முடியும் என்கிறாள். காலில் அத்தனை சலங்கை கட்டியிருந்தும் அவள் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் அவளை அங்கிருந்து வெளியே எடுக்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சலங்கை ஒலிக்க நடக்கும் மற்ற பெண்கள்? அவர்களுக்குக் கயிற்றில் நடக்கத் தெரியாது. ஒருத்தி வெளியே வந்துவிட்டாள், மற்றவர்கள் உள்ளேயே.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கேள்வி நாவலுக்கும் தெரிந்திருக்கிறது. கோட்டைச் சிறையில் எரியூட்டும் அறையின் புகைக்குழாய் வழியே இனெஜ் தனியாக ஏற வேண்டும். அணைந்திருக்கும் என்று நினைத்த அடுப்பை அன்று பார்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கனல் இன்னும் ஆறவில்லை. கத்திக்குத்துக் காயம் முழுதாக ஆறாத உடம்பு. ஏற ஏறச் சுவர் கொதிக்கிறது, பிடிப்புக்காகப் போட்ட ரப்பர் செருப்பின் அடிப்பகுதி உருகி வழுக்குகிறது. அவளுடைய திறமை முதல்முறையாகக் கைவிடுகிறது. இனி ஏறவேண்டியது எதற்காக என்று அவள் தன்னைத்தானே கேட்கும் இடம் அது. பணமும் காஸும் அந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை. ஒரு கப்பல் வாங்கி, பெண்களையும் பிள்ளைகளையும் கடத்தும் கப்பல்களை வேட்டையாட வேண்டும் என்று அந்தக் கொதிக்கும் குழாய்க்குள் முடிவு செய்கிறாள். சுவர் ஏறத் தெரியாதவர்களுக்காக. இந்தக் கதைக்கு அவள் மேலே போய்க் கயிறு போட்டால் போதும். அந்த எண்ணம் அவளுடைய சொந்தச் சொத்து. அதற்காகவே முன்னால் சொன்ன குறைகளில் பாதியை நான் மன்னிக்கத் தயார்.

பிறகு அதே இரவில் அவள் வேறு வழியில்லாமல் பழைய பட்டையும் சலங்கையையும் வேடமாக மறுபடி போட்டுக்கொள்கிறாள். அந்தத் துணி தோலில் படும்போது அவளுக்குள் நடப்பதை ஆசிரியர் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளைக் கதையில் அந்த நிதானத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸில் 2021-ல் வந்த தொடரில் இந்தக் கும்பலை முத்தொகுதியின் கதையோடு கலந்துவிட்டார்கள். இனெஜாக நேபாளத்தில் பிறந்த அமிதா சுமன் நடித்தார், பொருத்தமான தேர்வு. 2023-ல் இரண்டாவது பருவத்தோடு தொடரை நிறுத்திவிட்டதால் ஐஸ் கோர்ட் கொள்ளை திரைக்கு வரவே இல்லை. புகைக்குழாய்க் காட்சியை வேறு யாராவது என்றைக்காவது எடுக்க வேண்டும்.

யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால், பதினைந்து வயதுக்கு மேல். ரத்தம் நிறைய, ஓர் இடத்தில் காஸ் ஒருவனின் கண்ணையே பிடுங்குகிறான். ஆங்கிலம் கடினமில்லை, பெயர்கள்தான் கடினம், ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கலாம்.

அடுத்த பாகம் ‘குரூக்கட் கிங்டம்’, 2016-ல் வந்தது. முதல் பாகத்தில் ஐந்து பேருக்கும் சொந்த அத்தியாயங்கள் இருக்க, வைலனுக்கு மட்டும் இல்லை. படிக்க வராது என்ற அவனுடைய ரகசியத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்க அந்த மௌனம் ஆசிரியருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. படிக்க முடியாதவனின் மனதுக்குள் எழுத்துகள் எப்படித் தெரியும் என்பதுதான் நான் மிகவும் எதிர்பார்த்தது. இரண்டாம் பாகத்தில் அவனுக்கு அத்தியாயங்கள் உண்டு என்று அக்கா மகள் சொல்கிறாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் புத்தகம் இருக்கிறது, தேர்வு முடிந்ததும் என் கைக்கு வரும். படித்துவிட்டு வைலனைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன்.